சீடில் புனித ஜைல்ஸ் தேவாலயம்: வரலாறும் கட்டடக்கலையும்

ஒரு சமுதாயத்தின் சமய வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் சாசனங்களையும் நூல்களையுமே பெரும்பாலும் சான்றுகளாகக் கொள்வர். ஆயின், அச்சமுதாயம் கல்லும் மரமும் நிறமும் கொண்டு எழுப்பிய வழிபாட்டிடங்களும் அவற்றுக்குச் சற்றும் குறையாத சான்றுகளேயாம். தாம் யார், எங்கிருந்து வந்தோம், எவ்வுரிமையை நாடுகின்றோம் என்பவற்றை மக்கள் சில வேளைகளில் எழுத்திலும் பார்க்கக் கட்டடத்திலேயே தெளிவாகப் பதிந்து சென்றிருக்கின்றனர்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்ரபோட்ஷயர் மாநிலத்தின் வடபால், சீடில் என்னும் சிற்றூரில் உள்ள புனித ஜைல்ஸ் கத்தோலிக்கத் தேவாலயம் இத்தகையதொரு சான்றாகும். 1841க்கும் 1846க்கும் இடைப்பட்ட காலத்திற் கட்டப்பட்ட இத்தேவாலயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோதிக் புத்துயிர்ப்பு இயக்கத்தின் நிறைவான ஆக்கங்களுள் ஒன்றாகக் கலை வரலாற்றாசிரியராற் போற்றப்படுகின்றது. இதனை வரைந்தவரான பியூஜினின் பெயரால் 'பியூஜினின் மணி' என இதனை அழைப்பாரும் உளர். இது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அமைந்தது என்பவற்றை எடுத்துரைப்பதோடு, இதனைக் கட்டியோர் கொண்ட கொள்கைக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் இடையேயுள்ள இசைவையும் முரணையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோபுரமும் மணியும் விலக்கப்பட்ட காலம்

இத்தேவாலயத்தின் பொருளை உணர்வதற்கு முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1534இல் எட்டாம் ஹென்றி மன்னன் பாப்பரசரின் அதிகாரத்தை மறுத்துத் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவனாகச் சட்டத்தின் மூலம் நிலைநாட்டினான். 1536 தொடக்கம் 1540 வரையான காலத்தில் துறவி மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் சொத்துக்கள் முடிக்குரியனவாயின. ஹென்றியின் மைந்தனான ஆறாம் எட்வேர்ட்டின் ஆட்சியில் (1547–1553) கிராமத் தேவாலயங்களிலே இருந்த சுரூபங்கள் உடைக்கப்பட்டன, சுவரோவியங்கள் மீது சுண்ணாம்பு பூசப்பட்டது, கற்பலிபீடங்கள் அகற்றப்பட்டன. கட்டடங்கள் நின்றன, ஆனால் அவற்றின் நிறமும் உருவமும் மறைந்தன. பழைய சமயத்தில் நிலைத்து நின்றோர் சிறுபான்மையினராகி, தண்டச் சட்டங்களுக்கு அஞ்சிப் பிரபுக்களின் மாளிகை அறைகளிலும் மறைவிடங்களிலும் பூசை கண்டனர்.

1778ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையைச் சிறிது தளர்த்தியது. 1791ஆம் ஆண்டுச் சட்டமோ பதிவு செய்யப்பட்ட சிற்றாலயங்களிற் கத்தோலிக்கர் வழிபட இடமளித்தது. ஆயினும் அச்சட்டத்திலே கருத்தூன்றி நோக்கத்தக்கதொரு விலக்கு இருந்தது. கோபுரமும் மணியும் உடைய கட்டடத்தில் வழிபாடு நடத்தும் குருவானவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதே அது. வழிபடலாம், ஆனால் வழிபடுவது ஊருக்குத் தெரிதல் ஆகாது என்பது இதன் உட்கிடை. எனவே இக்காலத்திற் கட்டப்பட்ட கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் பல, வீதியிற் செல்வோர் ஒரு வீடென்றோ பண்டகசாலையென்றோ கருதிக் கடந்து செல்லத்தக்கனவாய், ஆரவாரமின்றி அமைந்தன.

1829இல் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியதும் பாராளுமன்றத்தின் வாயில்கள் அவர்க்குத் திறந்தன. நீண்ட காலம் ஒதுங்கி வாழ்ந்ததொரு சமுதாயம் இனித் தன்னை எவ்வுருவில் வெளிக்காட்டுவது என்னும் வினா அப்போது எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளுள் மிக உரத்தது சீடிலிலே அளிக்கப்பட்டது. 1791ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து 55 ஆண்டுகள் கழிவதற்குள், சில ஆயிரம் மக்கள் மாத்திரம் வாழ்ந்த அவ்வூரில், கத்தோலிக்கரின் கூர்ங்கோபுரம் 200 அடி உயரத்துக்கு எழுந்து நின்றது.

வரைந்தவரும் வழங்கியவரும்

இத்தேவாலயத்தை வரைந்த அகஸ்ரஸ் வெல்பி நோத்மோர் பியூஜின் 1812இல் லண்டனிற் பிறந்தவர். பிரான்சிலிருந்து வந்து குடியேறிய இவருடைய தந்தையார் பண்டைய கோதிக் கட்டடங்களை அளந்து வரைந்து நூல்களாக வெளியிட்டவர். தந்தையாரோடு பழைய தேவாலயங்கள் தோறும் சென்று அளவெடுத்தும் வரைந்தும் பயின்றதே பியூஜின் பெற்ற கட்டடக்கலைக் கல்வி எனலாம். 1835இல், தமது இருபத்து மூன்றாம் வயதில், இவர் கத்தோலிக்கராயினார்.

கோதிக் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரை அண்டிய புனித டெனிஸ் மடாலயத்திற் கிளர்ந்து மேலை ஐரோப்பா எங்கும் பரவிய கட்டடமுறையாகும். கூர்நுனி வளைவு, விலா வரிகளைக் கொண்ட கல்விதானம், சுவரைத் தாங்கி நிற்கும் உதைசுவர் ஆகிய மூன்றும் அதன் அடிப்படை உறுப்புக்கள். அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தாற் கட்டுண்டது. கூர்நுனி வளைவோ அகலம் எதுவாயினும் வேண்டிய உயரத்துக்கு எழவல்லது. கூரையின் பாரம் குறித்த சில புள்ளிகளில் இறங்கி உதைசுவர்களாற் தாங்கப்படுதலின், இடைப்பட்ட சுவர்களைத் திறந்து பெருஞ் சாளரங்களை அமைத்தல் இயல்வதாயிற்று. பின்னர், மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் இம்முறையை நாகரிகமற்றோரான கோத்தியரின் முறை என இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சிச் சொல்லே பெயராக நிலைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே செல்வர் சிலர் கோதிக் வடிவங்களைத் தம் மாளிகைகளுக்கு ஒரு வேடிக்கை அலங்காரமாகக் கொண்டனர். ஹொரஸ் வோல்போல் 1749 தொடக்கம் புதுக்கிய ஸ்ரோபெரி ஹில் மாளிகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பியூஜினுக்கு இவ்விளையாட்டு உவப்பாயிருக்கவில்லை. 1836இல் இவர் வெளியிட்ட 'முரண்கள்' என்னும் நூல், இடைக்காலக் கட்டடங்களையும் தம் காலக் கட்டடங்களையும் படங்களாக எதிரெதிரே நிறுத்தியது. 1841இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பிலே ஒரே நகரம் 1440இலும் 1840இலும் எவ்வாறு தோற்றும் என்பது காட்டப்பட்டது. முன்னதிற் கோபுரங்கள் நிறைந்த வானத்தைப் பின்னதில் ஆலைப் புகைபோக்கிகள் நிறைத்தன. முன்னதில் ஏழையைப் பேணிய அறச்சாலை இருந்த நிலையிற் பின்னதில் அவனை அடைத்து வைக்கும் வறியோர் இல்லம் தோன்றியது. கட்டடத்தின் வீழ்ச்சி சமுதாயத்தின் வீழ்ச்சியே என்பது பியூஜினின் வாதம். அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றொரு நூலில் இவர் இரு விதிகளை வகுத்தார். வசதிக்கோ கட்டுமானத்துக்கோ தகுதிக்கோ வேண்டாத எவ்வுறுப்பும் ஒரு கட்டடத்தில் இருத்தலாகாது; அலங்காரம் என்பது கட்டுமானத்தின் இன்றியமையாத உறுப்புக்களைச் செழுமைப்படுத்துவதாக மாத்திரம் அமைதல் வேண்டும் என்பன அவை.

இக்கொள்கைக்கு உருவம் கொடுக்கப் பொருள் வழங்கியவர் 16ஆவது ஷ்ரூஸ்பரிப் பிரபுவான ஜோன் ரல்பொட் ஆவார். இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பிரபுக்களுள் முதன்மையானவராகிய இவரது மாளிகையான அல்ரன் ரவர்ஸ் சீடிலுக்குச் சில மைல் தொலைவிலே இருந்தது. சீடிலிற் கத்தோலிக்கர் மிகச் சிலரே. தக்கதொரு தேவாலயம் அவர்க்கு இருக்கவில்லை. அச்சிலருக்காகவே இடைக்காலக் கிராமத் தேவாலயமொன்றை, முதலாம் எட்வேர்ட் மன்னன் (1272–1307) காலத்தில் இருந்திருக்கக்கூடிய நிறைவோடு, மீண்டும் எழுப்புவதெனப் பிரபுவும் பியூஜினும் துணிந்தனர்.

புனித ஜைல்ஸ் என்னும் பெயரும் கருத்தோடு தெரியப்பட்டதே. சீடிலின் பழைய பங்குத் தேவாலயமும் அப்புனிதரின் பெயரையே தாங்கியிருந்தது. அது சமய மாற்றத்தின்போது இங்கிலாந்துத் திருச்சபையின் உடைமையாயிற்று. அதே ஊரில் அதே பெயரோடு மற்றொரு தேவாலயத்தை எழுப்பியமை, பழைமையின் உண்மையான வாரிசுகள் நாமே என உரைப்பதாயிற்று. ஊனமுற்றோருக்கும் இரப்போருக்கும் பாதுகாவலர் எனக் கருதப்படும் புனிதர் இவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இதனைப் பின்னர் நோக்குவாம்.

தேவாலயத்தின் அமைப்பு

தேவாலயம் அப்பகுதியிற் கிடைக்கும் செம்மணற் கல்லாலே கட்டப்பட்டது. மேற்கே கோபுரம்; அதனையடுத்து மக்கள் கூடும் நடுக்கூடமும் அதன் இருமருங்கும் பக்கக்கூடங்களும்; கிழக்கே பலிபீடம் அமைந்த திருமண்டபம்; தெற்கே வாயில் மண்டபம் என்பன அதன் பிரதான உறுப்புக்கள். ஒவ்வொன்றும் புறத்தே நின்று நோக்குவார்க்கும் தனித்தனியே புலனாகுமாறு தனக்குரிய கூரையும் உயரமும் பெற்றுள்ளது. உள்ளமைப்பை மறைத்துப் புறத்தே பொய்த் தோற்றம் காட்டுதல் ஆகாது என்னும் பியூஜினின் கொள்கை இங்கே நன்கு நிறைவேறியுள்ளது. சாளரங்களின் கற்பின்னல் வேலைப்பாடு, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விளங்கிய அலங்காரக் கோதிக் முறையைச் சார்ந்தது.

கோபுரமும் அதன்மீது எழும் கூர்முடியும் ஒருசேர வளர்ந்து செல்லும் அமைப்பு சிறப்பாக நோக்கத்தக்கது. சதுரமான கோபுரம் எண்கோணமான கூர்முடியாக மாறும் இடத்தை மூலைச் சிறுகோபுரங்கள் மறைத்து, கண்ணை இடையீடின்றி மேலே இட்டுச் செல்கின்றன. மேற்கு வாயிலின் இரு கதவுகளிலும் ரல்பொட் குடும்பத்தின் சின்னமான சிங்கம் பேருருவிற் பொன்முலாமோடு நிமிர்ந்து நிற்கின்றது. தேவாலயத்தின் முகப்பிலேயே பொருள் வழங்கியவரின் குலச்சின்னம் இவ்வளவு பெரிதாய் விளங்குவது இடைக்கால வழக்கத்துக்கு ஒவ்வாததன்று. எனினும் இது யாருடைய தேவாலயம் என்னும் வினாவை அது முதற்பார்வையிலேயே எழுப்பிவிடுகின்றது.

உள்ளே நுழைவார்க்கு, நம் கோவில்களிலே மகாமண்டபத்திலிருந்து கருவறையை நோக்குங்கால் உண்டாகும் உணர்வுக்கு ஒத்ததோர் உணர்வு உண்டாகும். நடுக்கூடம் மக்களுக்குரியது, திருமண்டபம் குருவானவருக்குரியது. இரண்டுக்கும் இடையே மரத்தாற் செதுக்கப்பட்டுப் பொன்னும் நிறமும் பூசப்பட்ட சிலுவைத் தடுப்பு நிற்கின்றது. அதன்மேல் அறையுண்ட கிறிஸ்துவும் இருமருங்கும் மரியாளும் யோவானும் காட்சி தருகின்றனர். அதற்கும் மேலே, திருமண்டப வளைவின் முகப்பிலே பொதுத்தீர்வைக் காட்சி வரையப்பட்டுள்ளது. தடுப்பு முற்றாக மறைப்பதன்று. அதன் மரப்பின்னலூடாகப் பலிபீடத்தைக் காணலாம். ஆனால் அணுகுதல் இயலாது. காணத் தந்து அணுக விலக்குவதாற் புனிதத்தின் தூரத்தை உணர்த்துதலே அதன் பணி.

திருமண்டபத்திற் குருமார் அமரும் கல்லாசனங்கள், கழுவுநீர்த் தொட்டி, பெரிய வெள்ளியன்று பயன்படும் ஆண்டவரின் கல்லறை மாடம் ஆகியன சுவரோடு சுவராக அமைக்கப்பட்டன. இவை வெறும் அணிகள் அல்ல. ஆறாம் எட்வேர்ட்டின் காலத்தில் வழக்கிழந்த வழிபாட்டுச் சடங்குகள் ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை மீண்டும் தேடிக் கொடுப்பதன் மூலம், முந்நூறு ஆண்டு இடையீடு நேராததொரு இங்கிலாந்தைப் பியூஜின் கற்பனை செய்தார்.

நிறமும் கைவினையும்

புனித ஜைல்ஸ் தேவாலயத்தின் தனித்தன்மை அதன் நிறத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. தூண், சுவர், வளைவு, கூரை மரம் ஆகிய எல்லாம் செம்மை, நீலம், பச்சை, பொன் ஆகிய நிறங்களில் அமைந்த கோலங்களால் நிறைந்துள்ளன. வெறுங்கல்லாகவே இடைக்காலத் தேவாலயங்களைக் கண்டு பழகியோருக்கு இது வியப்பைத் தந்தது. ஆயினும் அவ்வெறுமை காலத்தாலும் சுண்ணாம்பாலும் நேர்ந்ததேயன்றி இயல்பானதன்று. பழைய கிராமத் தேவாலயங்களின் தடுப்புக்களிலும் கூரைகளிலும் எஞ்சிநின்ற நிறச் சுவடுகளைப் பியூஜின் அறிந்திருந்தார். 1844இல் பாரிஸ் நகரிலே, அப்போது புதுக்கப்பட்டு வந்த செயின்ற் சப்பெல் என்னும் அரச சிற்றாலயத்தின் நிறங்களைக் கண்டமை அவ்வறிவை ஒரு பேரார்வமாக மாற்றியது.

நிறத்தின் உச்சநிலையைத் திவ்விய நற்கருணைச் சிற்றாலயத்திற் காணலாம். பித்தளை வாயிற்கதவுகளால் அடைக்கப்பட்ட அச்சிறிய இடத்திலே தரை, சுவர், விதானம் எதிலும் நிறம் தீண்டாத இடம் இல்லை. ஆங்கிலிக்க சமயத்திலிருந்து 1845இல் கத்தோலிக்கராகிய ஜோன் ஹென்றி நியூமன், திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்னர் 1846இல் இங்கு வந்து இச்சிற்றாலயத்தைக் கண்டு நெகிழ்ந்தார். விண்ணக வாயில் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அவர் வாயில் எழுந்தது. கோதிக் முறை அக்காலத் திருச்சபையின் தேவைக்குப் பொருந்துமா என்பது பற்றிப் பின்னர்ப் பியூஜினோடு மாறுபட்டவரும் இந்நியூமனே என்பதை நோக்குமிடத்து, அவரது பாராட்டு மேலும் பொருளுடையதாகின்றது.

இவற்றையெல்லாம் ஆக்கிய கைகள் யாருடையவை? தரையோடுகளை ஸ்ரோக் நகரத்து ஹேர்பேட் மின்ரனின் தொழிற்சாலை செய்தது. ஒரு நிறக் களிமண்ணிலே மறுநிறக் களிமண்ணைப் பதித்துச் சுடும் இடைக்கால முறையை மின்ரன் ஆராய்ந்து மீட்டெடுத்திருந்தார். உலோக வேலைகள் பேர்மிங்ஹாம் நகரத்து ஜோன் ஹாட்மனின் பட்டறையிலிருந்து வந்தன. நிறக்கண்ணாடிச் சாளரங்களை நியூகாசில் நகரத்து வில்லியம் வெயில்ஸ் ஆக்கினார். கட்டட வேலையை உடனிருந்து கண்காணித்தவர் ஜோன் டெனி. பூட்டு, கீல், மெழுகுதிரித் தண்டு, குருவானவரின் ஆடை வரை எல்லாவற்றுக்கும் பியூஜினே வரைபடம் தந்தார். ஒரே காலத்திற் பல தேவாலயங்களையும் பாராளுமன்றக் கட்டடத்தின் உள்ளணிகளையும் வரைந்துகொண்டு, புகையிரதத்தில் ஊர் ஊராகச் சென்ற மனிதரின் உழைப்பு இது.

முரண்கள்

இவ்விடத்திலே இத்தேவாலயத்தின் உள்ளார்ந்த முரண்களை நோக்குதல் வேண்டும். முதலாவது முரண் ஆக்கமுறை பற்றியது. இடைக்காலத்துத் தேவாலயம் ஓர் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து எழுப்பியதாகும். ஒரு தலைமுறை நடுக்கூடத்தைக் கட்ட, மறுதலைமுறை கோபுரத்தை உயர்த்தியது. கைவினைஞன் தன் ஊருக்காகத் தன் கற்பனையைச் செதுக்கினான். சீடில் தேவாலயமோ ஐந்தாண்டுகளில், ஒரு பிரபுவின் பணத்தில், ஒரு மனிதரின் எழுதுகோலால் உருவாயிற்று. தொழிலாளர் செய்தது பெரும்பாலும் தரப்பட்ட வரைபடத்தை நிறைவேற்றுதலே. புகைபோக்கிகளை இகழ்ந்த பியூஜின், அப்புகைபோக்கிகளின் நடுவே இருந்த ஸ்ரோக், பேர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலைகளையும் புகையிரதத்தையும் துணைக்கொண்டே இடைக்காலத்தை மீட்க முற்பட்டார். இதற்காக அவரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் அழிந்துபோன கைத்திறனை ஓட்டிலும் உலோகத்திலும் கண்ணாடியிலும் மீண்டும் தேடிக் கற்பித்தவரும் அவரே என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது முரணைப் பியூஜினே எடுத்துக் கூறியுள்ளார். சீடில் முதலில் எளியதொரு நாட்டுப்புறப் பங்குத் தேவாலயமாகவே திட்டமிடப்பட்டது என்றும், அதனை நிறத்தால் நிறைப்பது பிரபுவிடம் பின்னர் எழுந்த எண்ணம் என்றும், அதனாற் சுவர்களின் எளிமைக்கும் அலங்காரத்தின் நுணுக்கத்துக்கும் இடையே ஒரு பொருந்தாமை நேர்ந்தது என்றும் அவர் 1850இல் எழுதினார். அலங்காரம் கட்டுமானத்திலிருந்தே பிறத்தல் வேண்டும் என விதி வகுத்தவரின் சிறந்த கட்டடத்தில், அலங்காரம் கட்டுமானத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 பவுண் எனக் கருதப்பட்ட செலவு ஈற்றில் 40,000 பவுண் அளவுக்கு உயர்ந்தமைக்கும் இப்பின்னெண்ணமே பெருங்காரணமாயிற்று.

மூன்றாவது முரண் இவ்விரண்டிலும் பாரியது. 1846ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள் தேவாலயம் அபிஷேகம் செய்யப்பட்டு, மறுநாள், புனித ஜைல்ஸின் திருநாளன்று, ஆயர்களும் பிரபுக்களும் அயல்நாட்டு விருந்தினரும் சூழத் திறந்துவைக்கப்பட்டது. அதே கோடையில் அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் இரண்டாம் முறையாக, முன்னையிலும் முற்றாக அழிந்தது. கத்தோலிக்க உழவர் பட்டினியால் மடியத் தொடங்கினர். எஞ்சியோரில் இலட்சக்கணக்கானோர் கடல் கடந்தனர். அவருட் பெருந்தொகையினர் லிவர்பூல், மஞ்செஸ்ரர், கிளாஸ்கோ முதலிய நகரங்களின் நெருக்கமான சேரிகளில் வந்து தங்கினர். பிரித்தானியக் கத்தோலிக்கத்தின் எதிர்காலம் முதலாம் எட்வேர்ட்டின் காலத்திலன்றி, இச்சேரிகளிலேயே இருந்தது. அவர்க்கு வேண்டியிருந்தவை விரைவாகவும் மலிவாகவும் கட்டத்தக்க பெரிய தேவாலயங்களும் பள்ளிகளும் ஆகும். இரப்போரின் பாதுகாவலரது பெயரால் எழுந்த பொன்மயமான தேவாலயத்தையும் அவ்வாண்டின் பஞ்சத்தையும் ஒருங்கே நோக்கும் வரலாற்று மாணவன் மனம் சற்றுத் தடுமாறவே செய்யும்.

எனினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. பியூஜினும் பிரபுவும் ஏழையை மறந்தவர் அல்லர். சீடிலிலே தேவாலயத்தோடு பள்ளியும் கன்னியர் மடமும் அமைக்கப்பட்டன. அல்ரனிலே முதிய வறியோர்க்கென ஓர் அறநிலையம் திட்டமிடப்பட்டது. செல்வர் தம் மாளிகையில் மாத்திரம் காணும் அழகை, கட்டணமோ அழைப்போ இன்றி, சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் தமதெனக் கண்டு மண்டியிடல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வறியோருக்கு உணவு மாத்திரமே போதும், அழகு வேண்டா எனக் கூறுவாரும் அவரை முழு மனிதராகக் கொள்ளாதவரே. சீடில் எழுப்பும் வினாவுக்கு இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதாலேயே அது இன்றும் வினாவாக நிற்கின்றது.

பிற்காலம்

கட்டியோர் இருவரும் நெடுங்காலம் வாழவில்லை. இடையறாத உழைப்பால் நைந்த பியூஜின் 1852இன் தொடக்கத்தில் மனநலம் குன்றி, அவ்வாண்டு செப்ரெம்பர் 14ஆம் நாள் தமது நாற்பதாவது வயதில் இறந்தார். ராம்ஸ்கேற்றிலே தம் சொந்தப் பணத்திற் கட்டிய புனித அகுஸ்தீன் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் பிரபுவும் இத்தாலியில் உயிர் நீத்தார். அவருக்குப் பின் பட்டம் பெற்ற இளைஞர் 1856இல் மறைந்ததும் கத்தோலிக்க மரபு அற்றுப்போய், நீண்ட வழக்கின் பின் பட்டம் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த கிளையினருக்குச் சென்றது. அல்ரன் மாளிகையின் அரும்பொருட்கள் 1857இல் ஏலத்தில் விற்கப்பட்டன. அம்மாளிகை இன்று கூரையிழந்த கூடாகப் பெரியதொரு கேளிக்கைப் பூங்காவின் நடுவே நிற்கின்றது. பிரபு தமக்கென வைத்திருந்தது சிதைந்தது. சிற்றூர் மக்களுக்குக் கொடுத்தது நிலைத்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர் வழிபாட்டு முறை மாறியது. குருவானவரையும் மக்களையும் பிரிக்கும் தடுப்புக்கள் புதிய இறையியல் நோக்குக்குப் பொருந்தாதனவாகக் கருதப்பட்டன. பியூஜின் வரைந்த பேர்மிங்ஹாம் புனித சாட் பேராலயத்தின் சிலுவைத் தடுப்பு 1967இல் அகற்றப்பட்டது. சீடிலின் தடுப்போ அசையாது நின்றது. ஒரு காலத்திற் செலவின் மிகுதியாலும் பழைமைப் பற்றாலும் பெரிய நகரங்களின் தேவையோடு இயையாது நின்ற அத்தேவாலயம், அக்காரணங்களாலேயே பியூஜினின் கருத்தை முழுமையாகக் காட்டும் அரிய சான்றாக எஞ்சியது. இன்றும் அது பேர்மிங்ஹாம் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்த ஒரு பங்குத் தேவாலயமாக வழிபாட்டில் இருந்துவருகின்றது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. கைவினையையும் சமுதாய வாழ்வையும் பிரித்து நோக்கலாகாது என்னும் பியூஜினின் கருத்தை, அவரைக் கடிந்துரைத்துக்கொண்டே ஜோன் ரஸ்கின் வளர்த்தார். ரஸ்கினிடமிருந்து அதனைப் பெற்ற வில்லியம் மொறிஸ் பட்டறையிலும் அச்சகத்திலும் அதனை நடைமுறைப்படுத்தினார். ஈழத்துத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி, மொறிஸின் வழிநின்றே 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டார். மொறிஸின் அச்சகத்திலிருந்து வந்த அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. ஒரு கைவினைப் பொருளை அதனை ஆக்கிய சமுதாயத்தின் வாழ்வோடும் வழிபாட்டோடும் சேர்த்தே உணர்தல் வேண்டும் என அவர் நமக்குக் கற்பித்தார். அப்பாடத்தின் ஒரு வேர் சீடில் போன்ற இடங்களிலே ஊன்றியிருப்பதை அறிதல் நலம்.

அவ்வேரின் குறையையும் அறிதல் வேண்டும். வடிவம் ஒன்றை மீட்டெடுத்தால் அவ்வடிவத்தை ஈன்ற வாழ்வும் உடன் மீளும் எனப் பியூஜின் நம்பினார். அது மீளவில்லை. வளைவுகளும் நிறங்களும் தடுப்புக்களும் அளவு பிசகாது எழுந்தன. ஆனால் அவற்றை ஒரு காலத்தில் எழுப்பிய ஊர்ச் சமுதாயம் எழவில்லை. அதற்குப் பதிலாகப் பிறிதொன்று நிகழ்ந்தது. பிரபுவின் கொடையாய் வந்த கட்டடத்தை, அவர் மறைந்து அவர் குலக்கிளையும் அற்ற பின்னர், அவ்வூரின் எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு ஞானஸ்நானம் பெற்றும், மணமுடித்தும், தம் இறந்தோரை வழியனுப்பியும் தமதாக்கிக் கொண்டனர். வரைபடத்தாற் படைக்க இயலாத சமுதாயத்தை வழக்கம் மெல்ல மெல்லப் படைத்தது.

போரினாற் சிதைந்த ஆலயங்களையும் தேவாலயங்களையும் நம் ஊர்களில் மீளக் கட்டுவோர் முன்னும் இதே வினா நிற்கின்றது. பழைய வடிவத்தை அவ்வாறே எழுப்புவதா, பணம் கொடுப்போர் விரும்பும் புதிய பொலிவைச் சேர்ப்பதா என்பவை பற்றியே பெரும்பாலும் விவாதிக்கின்றோம். அங்கு யார் கூடுவர், யாருடைய கை அதில் உழைக்கும், கட்டி முடித்த பின் அதனைத் தமதெனக் கொள்வோர் யார் என்பவை அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டியவை. சீடிலின் கதவுகளிலே பொன்முலாம் பூசிய சிங்கங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஞாயிறுதோறும் அக்கதவுகளைத் திறந்து உட்செல்வோர் அப்பிரபுவின் குடும்பத்தினர் அல்லர், அவ்வூர் மக்களே.